நாற்பது பேர் வந்தாங்க, மூணாவது ஞாயிறு ஆறு பேர். எங்க தப்பு?

ஏரிக்கரை | 2025 ஜூன் 8

குடியாத்தம் பக்கம் சின்ன ஊரு. ஏரி ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயற நிலம், எழுபது ஏக்கர் சொச்சம். இளைஞர் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சு சீமைக்கருவேலம் வெட்டி, தூர் வாரிட்டிருக்கோம். முதல் ஞாயிறு 40 பேர். அடுத்த வாரம் 19. இன்னிக்கு 6. அதுலயும் ரெண்டு பேர் செல்ஃபி எடுத்துட்டு டிபன் நேரத்துக்குக் கிளம்பிட்டாங்க. தலைமைப் பண்புன்னு தேடினா "கனவு காணுங்க, ஊக்கம் கொடுங்க"ன்னு கோட் போட்டவங்க பேசறாங்க. ஏரியில இறங்கின ஆளுங்க யாராவது சொல்லுங்கப்பா.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 8, இரவு

ஊக்கத்தை விடுங்க தம்பி, முதலில் கணக்கைப் பாருங்க.

காலை ஆறிலிருந்து எட்டரை வரை மண்வெட்டி பிடித்தால், பழக்கமில்லாத ஆள் காய்ந்த வண்டலில் அரை கன மீட்டர் வெட்டினாலே பெரிய விஷயம். நாற்பது பேரில் பாதிப் பேர் வெட்ட, பாதிப் பேர் பாண்டுச் சட்டியில் சுமந்தால் மொத்தம் 10 கன மீட்டர் வரும். டிராக்டர் டிப்பர் ஒரு நடைக்கு மூன்று கன மீட்டர். அதாவது நாற்பது பேரும் ஒரு காலை முழுக்க வேர்த்து ஊற்றியது மூன்று, மூன்றரை நடை மண். ஜேசிபி அதை அரை மணியில் அள்ளும். இது எல்லோருக்கும் கண்ணால் பார்த்தே தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அடுத்த வாரம் "உடம்பு சரியில்லை" என்பார்கள்.

வண்டலை மிஷினுக்கு விடுங்க. கைக்கு உள்ள வேலை வேறு: வரத்துக்கால்வாயில் அடைப்பு எடுப்பது, மதகு வாயைச் சுத்தம் செய்வது, கடைவாசல் (உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) பக்கம் முளைத்த செடியைப் பிடுங்குவது, பிளாஸ்டிக் பொறுக்குவது. கால்வாயில் பத்துப் பேர் இறங்கினால் ஒரு காலையில் ஐம்பது அறுபது மீட்டர் சுத்தமாகும். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் செய்தது தெரியும்.

வண்டல் எடுக்க அனுமதி: விவசாயத்துக்கும் மண்பாண்டத்துக்கும் கட்டணம் இல்லை, 2024-லிருந்து தாசில்தாரே கொடுக்கலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90. நிலம் வைத்திருக்கிற பத்து விவசாயிகள் மனு போட்டால் உங்கள் தூர் தானாக வெளியே போகும், வண்டிச் செலவும் அவர்களுடையது. கரையை ஒட்டித் தோண்ட மட்டும் விடாதீர்கள், அடி சரிந்துவிடும். மதகு மட்டத்துக்குக் கீழே குழி பறித்தால் அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகாது, மாடு குடிக்கலாம்.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 9

ஒன்று விட்டுப்போச்சு. கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் நாலே மாதத்தில் ஒன்றுக்கு ஐந்து கிளையாக வரும். அடித்தூரைத் தோண்டி, வேர் பிரியும் இடத்துக்குக் கீழே எடுக்க வேண்டும். ஆட்டுப் புழுக்கையில் விதை கிடக்கும். முதல் மழைக்குப் பிறகு முளைப்பதை விரலால் பிடுங்கலாம், ஒரு வருடம் விட்டால் கடப்பாரை வேண்டும்.

இன்னொன்று. ஏரிக்குள் நிற்கிற மரம் உங்களுடையது இல்லை. ஆயக்கட்டு 100 ஏக்கருக்குள் என்றால் ஏரி ஊராட்சி ஒன்றியத்துக்குச் சொந்தம், அதற்கு மேலே நீர்வளத் துறை. மரத்தை ஏலம் விட வேண்டியது அவர்கள். எழுத்தில் அனுமதி வாங்கினீங்களா? வெட்டின விறகு எங்கே போச்சு?

ஏரிக்கரை | ஜூன் 11

அண்ணே, கரெக்டா அங்கயே கை வெச்சீங்க. வாயால கேட்டோம், "செய்யுங்கப்பா"ன்னாரு தலைவர். விறகு கரையிலதான் கிடந்துச்சு, ஒரு நாள் காலையில காணோம். இப்ப ஊருல "பசங்க லோடு அடிச்சு வித்துட்டானுங்க"ன்னு பேச்சு. நாங்க ஒரு பைசா பார்க்கல.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 11

நாற்பது பேர் ஆறு பேரானதற்குப் பாதிக் காரணம் இப்போதுதான் வெளியே வருது.

இன்றே செய்ய வேண்டியது: நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்க. முதல் பக்கத்தில் விறகு விஷயம். எந்தத் தேதியில் எத்தனை மரம் வெட்டினோம், எங்கே அடுக்கினோம், எப்போது காணவில்லை, யார் யார் இருந்தார்கள். நாலு பேர் கையெழுத்து. ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதம், நடந்தது நடந்தபடி. நகலில் சீல், தேதி வாங்காமல் வெளியே வராதீங்க. திட்டுவார்கள், வாங்கிக்கொள்ளுங்க. திருட்டுப் பட்டத்தோடு இருப்பதைவிட அது மேல்.

பணம்: வசூல் செய்தால் அடிக்கட்டை உள்ள ரசீதுப் புத்தகம். பேங்க் கணக்கில் மூன்று பேர் பெயர், எடுக்க இரண்டு கையெழுத்து. ஜிபே எண்ணாக உங்கள் சொந்த நம்பரைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. உங்கள் தங்கச்சி கல்யாண மொய்யும் ஏரிப் பணமும் ஒரே கணக்கில் விழுந்தால் பிரிக்க ஆடிட்டர் வந்தாலும் முடியாது. மாதக் கடைசியில் வரவு, செலவு, கையிருப்பு என்று மூன்றே வரி எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்க. வாட்ஸப்பில் போட்டால் போதாது. சந்தேகப்படுகிற ஆள் அந்தக் குரூப்பில் இருக்க மாட்டார், டீக்கடையில் இருப்பார்.

ஊக்குநர் | ஜூன் 15

பேரணாம்பட்டு பக்கம், மகளிர் குழு ஊக்குநர். பெரியவர் சொல்ற நோட்டு விஷயம் ரொம்ப சரி. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு, கடன், தனிநபர் பாஸ்புக்னு எங்க கிட்ட எல்லாத்துக்கும் புத்தகம். எழுதறது யாருங்கறதுதான் கேள்வி. ஒரே பொண்ணு எழுதினா ரெண்டு வருஷத்துல அவதான் குழு. அவ கல்யாணமாகி ஆம்பூர் போயிட்டா குழு படுத்துக்கும். அதனால மாசத்துக்கு ஒருத்தர் எழுதணும், பழைய ஆள் பக்கத்துல உக்காரணும். கையெழுத்து கோணலா இருந்தா இருக்கட்டும்.

கடன் கொடுக்கும்போது ஊக்குநரும் பிரதிநிதியும் கடைசியில எடுக்கணும். இது எந்த ரூல்லயும் இல்ல. ஆனா முதல் கடனை ஊக்குநர் எடுத்த குழுவுல ஆறாவது மாசம் தவணை நிக்கும்.

தம்பி, உங்க நாற்பதுல பொம்பளைங்க எத்தனை பேர்? ஞாயிறு காலை ஆறு மணின்னா எங்க ஆளுங்க வரவே முடியாது. பீடி சுத்தறவங்க பீடிக் கட்டைக் கொண்டுபோய்க் கம்பெனியில எண்ணிக் கொடுத்துட்டு வரணும். ஷூ கம்பெனிக்குப் போறவங்களுக்கு வாரம் முழுக்க விடியறதுக்குள்ள வண்டி, ஞாயிறு ஒரு நாள்தான் துணி துவைக்க. எங்க பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்துல வெச்சா பாதித் தெரு வராது. கூட்டத்துக்கு நேரம் குறிக்கறதுக்கு முன்னாடி பத்து வீட்டுல போய் "எப்ப முடியும்"னு கேளுங்க. அதிகமா வர்ற பதில் எதுவோ அது.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 16

அம்மா சொன்னதோடு இடத்தையும் சேர்க்கணும். கூட்டம் எங்கே போடுறீங்க? கோயில் மண்டபத்தில் போட்டால் காலனியிலிருந்து யாரும் வந்து உட்கார மாட்டார்கள். அழைத்தாலும் ஓரமாக நிற்பார்கள். பிறகு "கூப்பிட்டோம், வரலை" என்று நோட்டில் எழுதுவீர்கள். பள்ளிக்கூட வராண்டா, அல்லது ஒரு வாரம் ஊர், ஒரு வாரம் காலனி. டீ எல்லோருக்கும் ஒரே பேப்பர் கப். ஏரித் தண்ணீர் கடைமடையில் யாருக்குப் பாயுது என்று பாருங்க. அவர்கள் இல்லாமல் நடக்கும் கூட்டத்துக்கு ஏரி சங்கம் என்று பெயர் வைக்கலாம், பாதி ஏரி வெளியே நிற்கும்.

ஏரிக்கரை | ஜூன் 22

இன்னிக்கு 11 பேர். கால்வாய் வேலை. மூணு பொம்பளைங்க. செல்ஃபி ஆளுங்க வரல, நிம்மதி. ஒரு தாத்தா கரையில நின்னு "ஆறு இருக்கு தண்ணி இல்ல, மலை இருக்கு மரம் இல்ல, கோட்டை இருக்கு ராஜா இல்ல, கோயில் இருக்கு சாமி இல்ல, உங்க சங்கம் இருக்கு ஆளு இல்ல"ன்னாரு. சிரிச்சுட்டோம்.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 22

தாத்தாவிடம் சொல்லுங்க, வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு 1981-லேயே சாமி வந்தாச்சு. சத்துவாச்சாரியிலிருந்து லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தாச்சு. பட்டியலில் ஒன்று குறைந்தது. தாத்தாவையே வரத்துக்கால்வாய் எங்கே தொடங்குது என்று காட்டச் சொல்லுங்க. கரையில் நின்று கிண்டல் செய்கிறவருக்குத்தான் எந்த மழையில் எந்த மடை உடைந்தது என்பது தெரியும்.

பழைய ஆற்காட்டான் | ஜூன் 29

தனிச்செய்தியில் ஒருவர், "நோட்டு, ரசீதுன்னு குமாஸ்தா வேலை சொல்றீங்க, தலைமை எங்கே?" என்று கேட்டிருந்தார். நம்ம மாவட்டத்திலேயே எடுத்துக்காட்டு இருக்கு.

வேலூர் சிஎம்சி மருத்துவமனையை உருவாக்கிய அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைப் படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். 1909-ல் செவிலியர் பயிற்சி, 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. வந்த கூட்டத்துக்குத் தானே இன்னும் நாலு மணி நேரம் கூடுதலாகப் பார்க்கலாம் என்று போயிருந்தால் அவரோடு முடிந்திருக்கும். தன் வேலையைச் செய்ய இன்னொருத்தியைத் தயார் செய்வதில் நேரத்தைப் போட்டார்.

அதைவிட உங்களுக்கு உதவுவது, அதே சிஎம்சி-யின் சமுதாய நலப் பிரிவு கணியம்பாடி ஒன்றியத்தில் வைத்திருக்கிற நாலடுக்கு ஏற்பாடு. அடியில் அந்தந்த ஊர்ப் பெண், பகுதிநேர சுகாதாரப் பணியாளர். அவருக்கு மேல் சுகாதார உதவியாளர், அதற்கு மேல் செவிலியர், பிறகு டாக்டர். எந்த வீட்டில் கர்ப்பம், எங்கே பிரசவம், யார் இறந்தார் என்பது ஊர்ப் பெண்ணிடமிருந்து வாராவாரம் மேலே போகும். முக்கியமான இடம் இது: மேலே உள்ளவர் அதை அப்படியே எழுதிக்கொள்வதில்லை, தானும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார். ஒரே செய்தி இரண்டு மூன்று கண்ணில் படும். இதில் கீழே இருப்பவரைச் சந்தேகப்படுவதாக ஒன்றும் இல்லை. ஒருவர் லீவு போட்டாலும், மறந்தாலும் அந்தக் கர்ப்பிணி விடுபட மாட்டாள்.

ஏரிக்கு இதைப் போட்டுப் பாருங்க. மதகுக்கு ஒருவர், வரத்துக்கால்வாய்க்கு இருவர், கடைவாசலுக்கு ஒருவர், கரைக்கு ஒருவர். ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி ஒரு இரண்டாம் ஆள். பதினைந்து நாளைக்கு ஒருமுறை இரண்டாம் ஆள் தனியாகப் போய்ப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும்.

ஊக்குநர் | ஜூன் 30

சார், அங்க வேலை செய்யறவங்களுக்குச் சம்பளம் உண்டு. ஏரிக் குழுவுக்கு யார் கொடுக்கறா? அதையும் சொல்லுங்க.

பழைய ஆற்காட்டான் | ஜூலை 1

ஒத்துக்கறேன், ஒப்பீடு அரைகுறை. சம்பளம் இல்லாத ஆளிடம் வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் வேலையை இரண்டாக வெட்டுங்க, இல்லை கூலி கொடுங்க. "சேவை" என்று சொல்லி நாலு மணி நேரம் வாங்கினால் வேலை இல்லாதவரும் தேர்தலில் நிற்கப் போகிறவரும் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

ஏரிக்கரை | ஜூலை 6

தலைப்பை விட்டு வெளிய போறேன், மன்னிக்கணும். கால்வாய்ல வேலை செஞ்ச ஒருத்தர் ஊராட்சி மேல்நிலைத் தொட்டி இயக்குறவர். குளோரின் வாடை சில நாள் தூக்குது, சில நாள் இல்லவே இல்ல. இதையும் எங்க குழு பார்க்கலாமா?

பழைய ஆற்காட்டான் | ஜூலை 6

வெளியே போகவில்லை, இதுதான் நடு மையம். ஊரில் தினமும் ஆயிரம் பேர் உடம்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவர்தான். அவர் பெயர் எந்தப் பேனரிலும் இருக்காது.

அளவு: 1000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். 30,000 லிட்டர் தொட்டி என்றால் 120 கிராம். பெரும்பாலும் நடப்பது, கைப்பிடி அளவில் தூளை அப்படியே தொட்டியில் தூவுவது. தூள் கட்டியாக அடியில் உட்காரும், ஒரு நாள் வாடை தூக்கும், அடுத்த நாள் ஒன்றும் இருக்காது. செய்ய வேண்டியது: பிளாஸ்டிக் பக்கெட்டில் தூளைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் களி மாதிரி கரைத்து, பிறகு முக்கால் பக்கெட் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் நிற்கும். மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது ஊற்றினால் நன்றாகக் கலக்கும். ஊற்றி அரை மணி நேரம் ஆகும் முன் வால்வைத் திறக்கக் கூடாது.

மூட்டையைத் திறந்து போட்டால் வீரியம் போய்விடும், வாய் கட்டி நிழலில் வைக்க வேண்டும். குளோரின் அளவு பார்க்கிற குளோரோஸ்கோப் டப்பா ஊராட்சியில் இருக்கும். கடைசித் தெருக் குழாயில் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும், 0.2 பிபிஎம்-மாவது காட்ட வேண்டும். தொட்டிக்கு அடியில் உள்ள குழாயில் பார்த்து ஓகே என்று எழுதுவது ஏமாற்று.

குழு செய்ய வேண்டியது ஒன்றுதான். அவரிடம் போய் "அண்ணே, எங்களில் இரண்டு பேருக்குக் கற்றுக் கொடுங்க" என்று கேளுங்க. குற்றம் கண்டுபிடிக்கப் போனால் கதவு சாத்தும். கற்றுக்கொள்ளப் போனால் அவரே அளவைச் சரி செய்துகொள்வார், லீவுக்கு ஆளும் கிடைக்கும்.

பழைய ஆற்காட்டான் | ஜூலை 27

ஆகஸ்ட் 15 கிராம சபை வருது. ஜனவரி 26, மே 1, அக்டோபர் 2 தவிர 2022-லிருந்து மார்ச் 22, நவம்பர் 1-உம் உண்டு. பாதி மாநிலத்துக்கு மேல் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகளில் அரசு போட்ட தனி அலுவலர்தான். பழைய வேலூர் மாவட்டம் உள்பட ஒன்பது மாவட்டத்தில் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால் நமக்கு இன்னும் தலைவர் இருக்கிறார். பயன்படுத்திக்கொள்ளுங்க.

குறைவெண் (கூட்டம் செல்ல வந்தாக வேண்டிய குறைந்தபட்ச ஆள்): மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. உங்களுக்கு எத்தனை தேவை என்று முன்பே பாருங்க.

கோரிக்கையை ஒரு வாரத்துக்கு முன்பே எழுத்தில் கொடுத்து ஒப்புதல் வாங்குங்க. "ஏரியைத் தூர் வார வேண்டும்" என்று எழுதினால் தீர்மானம் போட்டுத் தூங்கவைப்பார்கள். "வரத்துக்கால்வாய் இன்ன சர்வே எண்ணிலிருந்து இன்ன எண் வரை, இத்தனை மீட்டர், 100 நாள் வேலையில் எடுக்க" என்று எழுதுங்க. கூட்டத்தில் நுழைந்ததும் கையெழுத்து கேட்பார்கள். வருகைக்குப் போடுங்க, ஆனால் தீர்மானத்தின் கீழே வாசித்துக் காட்டிய பிறகுதான். காலிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கி ராத்திரி தீர்மானம் எழுதுகிற ஊர்கள் உண்டு. தீர்மான எண்ணைக் கேட்டு, பக்கத்தைப் போனில் படம் எடுங்க. பேசுவதற்கு ஒருத்தர் போதும், சண்டை வந்தால் அடுத்தவர் எழுந்து அதே வரியைத் திரும்பச் சொல்ல வேண்டும். அந்த அடுத்தவர் அக்காவாக இருந்தால் நல்லது.

ஏரிக்கரை | ஆகஸ்ட் 17

தீர்மானம் போட்டாச்சு. எண், படம் ரெண்டும் இருக்கு. 420 மீட்டர். பேசினது எங்க ஊர் பீடிக்கார அக்கா. நான் பின்னாடி உக்காந்திருந்தேன், கொஞ்சம் வயித்தெரிச்சல்தான், உண்மைய சொல்றேன். எல்லாரும் அவங்களதான் சங்கத்துத் தலைவர்னு நினைச்சுட்டாங்க.

பழைய ஆற்காட்டான் | ஆகஸ்ட் 17

நினைக்கட்டும். சங்கம் பதிவு செய்யும்போது அவரையே போடுங்க. ஏழு பேர் இருந்தால் பதிவு செய்யலாம். சட்டப்படி நிர்வாகக் குழுவின் காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, பிறகு மறுபடி தேர்ந்தெடுக்க வேண்டும். இது புத்தகத்தில் இருப்பது. நடைமுறையில் செயலாளர் பதவி சில சங்கங்களில் தாத்தா, அப்பா, பேரன் என்று வரும்.

பழைய ஆற்காட்டான் | ஆகஸ்ட் 24

மேலே காகிதம் காகிதம் என்று சொன்னது சிலருக்கு அலுத்திருக்கும். பாலாறு வழக்கைப் பாருங்க. தோல் தொழிற்சாலைக் கழிவை எதிர்த்து வேலூர் மக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போனது 1991. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28. ஒரு கிலோ தோல் பதனிட 35 லிட்டர் தண்ணீர், 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழ் என்றெல்லாம் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. மாசுபடுத்துகிறவரே ஈடு கட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு சொன்னது, நாடு முழுக்க மேற்கோள் ஆகிற வரி. 2001-ல் இழப்பீட்டு ஆணையம் பாதிக்கப்பட்டோர் 29,193 என்று கணக்கெடுத்தது. 2025 ஜனவரி 30-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 34 வருடம். இத்தனை நாள் ஒரு வழக்கு உயிரோடு இருந்தது எப்படி? எந்தக் கிணறு, எந்த சர்வே எண், எந்தத் தேதியில் தண்ணீர் சோதனை என்ற தாள் கை மாறிக் கை மாறி வந்தது. ஆவேசமாகப் பேசினவர்களில் பாதிப் பேர் இன்று இல்லை.

உங்கள் 40 பக்க நோட்டை நகல் எடுத்து இரண்டு வீட்டில் வையுங்க.

ஏரிக்கரை | செப்டம்பர் 14

100 நாள் வேலையில கால்வாய் 420-ல 300 மீட்டர் முடிஞ்சது. ஞாயிறுக்கு 12-லிருந்து 15 பேர் நிலையா வர்றாங்க, நாற்பது திரும்பி வரல. அடுத்த மாசம் நான் ஓசூர்ல வேலைக்குச் சேர்றேன். மழை வரப்போற நேரம். என்ன விட்டுட்டுப் போகணும்?

பழைய ஆற்காட்டான் | செப்டம்பர் 14

பதினைந்து போதும். நாற்பதை மறந்துடுங்க.

2021 நவம்பர் நினைவிருக்கும். மோர்தானா நிரம்பி வழிந்தால் கவுண்டன்ய ஆறு குடியாத்தத்துக்குள் வரும், பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது பேர் போனதும் அந்த மழையில்தான். அதனால் கிளம்புவதற்கு முன்: தாழ்வான தெருவில் மண்சுவர் வீடு எத்தனை, படுத்த படுக்கையாக யார், கர்ப்பிணி யார் என்று ஒரு தாள். பள்ளிக்கூடச் சாவி யாரிடம் என்று எழுதி, இரண்டாம் ஆளுக்கும் சொல்லி வையுங்க. 100 பேருக்கு ஒருவேளை சாம்பார் சாதம் என்றால் 8 கிலோ அரிசி, 2½ கிலோ துவரம்பருப்பு. எந்த மளிகைக் கடை கடனுக்குக் கொடுக்கும் என்று இப்போதே பேசுங்க. ஏரி நிரம்பிக் கோடி போக (உபரி வழிய) ஆரம்பித்தால் கரையைச் சுற்றி இரண்டு மணிக்கு ஒருமுறை இருவராக நடக்க வேண்டும், ராத்திரியும். கரையின் வெளிப்பக்கம் கசிவு கலங்கலாக வந்தால் மண் அரிக்குது, உடனே ஒன்றியத்துக்குப் போன். தெளிவாக வந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம்.

வரும் இரண்டு ஞாயிறும் நீங்க ஊரில் இருந்துகொண்டே போகாதீங்க. போனையும் அணைத்து வையுங்க. என்ன நின்றுபோகுதோ அதை மட்டும் கற்றுக் கொடுத்துவிட்டு ஓசூர் பஸ் ஏறுங்க.

ஏரிக்கரை | செப்டம்பர் 28

ரெண்டு ஞாயிறு போகல. வேலை நடந்துச்சு. நின்னது ஒண்ணே ஒண்ணு, மதகு ஷட்டர் திருகுற சாவி என் வீட்டுப் பரண்ல. அம்மாகிட்ட கேட்டு எடுத்திருக்காங்க. ரெண்டு சாவி செய்யக் கொல்லன்கிட்ட கொடுத்திருக்கேன்.

பழைய ஆற்காட்டான் | செப்டம்பர் 28

மூன்றாகச் சொல்லுங்க. ஒன்று கண்டிப்பாகத் தொலையும். செய்து வந்ததும் மூன்றையும் ஷட்டரில் போட்டுத் திருகிப் பார்த்துட்டுக் காசு கொடுங்க.